நிலவில் பாங்கு கேட்காது



சென்ற ரமளானுக்குச் சில நாள்கள் முன்பு உறவினர் இல்லம் ஒன்றில் கூடியிருந்தோம். இஷா தொழுகையும் உணவும் முடிந்து, பெரியவர்கள் நாற்காலியிலும் பிள்ளைகள் பாயிலும் அமர்ந்திருந்த வேளை. குடும்பத்தின் மூத்தவர், நம்மில் பலரும் பல முறை கேட்ட அந்தக் கதையை எடுத்தார். நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் இறங்கியபோது இனியதோர் ஓசை அவர் செவியில் விழுந்ததாம். ஆண்டுகள் சில சென்றபின் கெய்ரோ நகரில் பாங்கொலி கேட்டு, நிலவில் தாம் கேட்டது அதுவே என்று உணர்ந்து இஸ்லாத்தைத் தழுவினாராம். கேட்டிருந்தவர்கள் ‘சுப்ஹானல்லாஹ்’ என்றனர்.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் தங்கை மகள் மட்டும் தலை நிமிர்ந்தாள். “நன்னா, நிலாவில் காற்றே கிடையாதே? காற்று இல்லாத இடத்தில் சத்தம் எப்படிக் கேட்கும்?”

“மார்க்க விஷயத்தில் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாதும்மா” என்றார் பெரியவர். சபையில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய கேள்வி சரியானது என்று அறிந்திருந்தும் நான் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குக் கஃப்பாராவாகவேனும் இதனை எழுதுகிறேன்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுவோம். ஆம்ஸ்ட்ராங் 1969 ஜூலை 20 அன்று நிலவில் இறங்கினார். ஒலியைச் சுமந்து செல்லும் காற்று மண்டலம் அங்கு இல்லை. அருகருகே நின்ற இரு விண்வெளி வீரர்களும் வானொலி அலை வழியாகவே பேசிக்கொண்டனர். ஆம்ஸ்ட்ராங் பாங்கும் கேட்கவில்லை, மதமும் மாறவில்லை. வதந்தி முஸ்லிம் நாடுகளில் அத்துணை பரவியதால், 1983இல் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரகங்களுக்கு மறுப்பு எழுதி அனுப்ப வேண்டியதாயிற்று. நாற்பது ஆண்டுகள் கடந்தும் நம் வீட்டுக் கூடங்களில் அந்தக் கதை உயிரோடு உலவுகிறது. முன்பு மேடைகளில் உலவியது, இப்போது வாட்ஸ்அப்பில் உலவுகிறது.

அந்தப் பிள்ளை மார்க்கத்தைக் கேள்வி கேட்கவில்லை. மார்க்கத்தின் பெயரால் சொல்லப்பட்ட ஒரு பொய்யைக் கேள்வி கேட்டாள். வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்கு ஆணையிடுகிறது. அன்றிரவு அந்த ஆணைப்படி நடந்தவள் அவள் ஒருத்தியே.

இந்த அவமானம் நமக்கு எப்படி நேர்ந்தது? நம் வீட்டுப் புத்தக அலமாரியைத் திறந்து பாருங்கள். அல்ஹம்துலில்லாஹ், தஃப்ஸீர் இருக்கும், ஹதீஸ் தொகுப்புகள் இருக்கும், நபிமார் வரலாறு இருக்கும். பிள்ளைகளின் பாடநூல்களும் தேர்வு வழிகாட்டிகளும் இருக்கும். அறிவியல் என்று கேட்டால், இறைவசனங்களையும் இக்காலக் கண்டுபிடிப்புகளையும் பக்கத்துக்குப் பக்கம் பொருத்திக் காட்டும் நூல்கள் இரண்டு மூன்று இருக்கும். வானத்தைப் பற்றியோ உயிர்களைப் பற்றியோ ஒளியைப் பற்றியோ, அவற்றை அறியும் ஆவலோடு எவரும் எடுத்துப் படிக்கத்தக்க ஓர் அறிவியல் நூல் எத்தனை வீடுகளில் இருக்கிறது? மகனை மருத்துவராக்கவும் மகளைப் பொறியாளராக்கவும் நிலத்தை விற்கும் சமுதாயம், இருநூறு ரூபாய்க்கு ஓர் அறிவியல் நூல் வாங்கத் தயங்குகிறது. அறிவியலால் கிடைக்கும் சம்பளம் நமக்கு வேண்டும். அறிவியல் கற்றுத்தரும் கேள்வி வேண்டாம். இதுவே நம் நிலை.

பொருத்திக் காட்டும் நூல்களைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது. பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் புகைல் 1976இல் வேதங்களையும் அறிவியலையும் ஒப்பிட்டு எழுதிய நூல் உலக மொழிகள் பலவற்றுக்குச் சென்றது. அதன் அடியொற்றி எண்ணற்ற நூல்களும் உரைகளும் எழுந்தன. அவற்றை எழுதியோரின் நன்னோக்கத்தை நான் ஐயுறவில்லை. தாழ்வு மனப்பான்மையில் உழன்ற இளைஞர் சிலருக்கு அவை ஊக்கம் அளித்ததையும் மறுக்கவில்லை. ஆயினும் அந்த முறையில் இரு பெருங்கேடுகள் உள்ளன.

முதற்கேடு ஈமானுக்கு. அறிவியல் கருத்துகள் சான்றுக்கேற்ப மாறுபவை. ஃபிரெட் ஹாயில் முதலிய அறிஞர்கள் 1948இல், பேரண்டத்துக்குத் தொடக்கமே இல்லை, அது என்றும் ஒரே நிலையில் உள்ளது என்று வாதிட்டனர். அன்று அது மதிப்புடைய கொள்கை. 1965இல் விண்வெளி எங்கும் பரவியிருக்கும் நுண்ணலைக் கதிர்வீச்சு கண்டறியப்பட்டபின் அக்கொள்கை வலுவிழந்தது. 1950இல் ஒருவர் ஏதேனும் ஒரு வசனத்தை அக்கொள்கையோடு பிணைத்து எழுதியிருந்தால், 1965இல் அவர் பிள்ளைகளுக்கு என்ன விடை சொல்லியிருப்பார்? யூஸுஃப் நபி (அலை) கனவில் கண்ட பதினொரு விண்மீன்களும் சூரியக் குடும்பத்தின் கோள்களே என்றும், எஞ்சிய கோள்கள் விரைவில் கண்டுபிடிக்கப்படும் என்றும் ஒரு மேடையில் முழங்கக் கேட்டிருக்கிறேன். 2006இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என வகைப்படுத்தியது. ஒன்பதாக இருந்த கோள்கள் எட்டாயின. அந்த உரைக்குத் தலையசைத்தவர்கள் அதன்பின் எதை நம்பியிருப்பார்கள்? மாறாத வேதத்தை மாறும் கருத்துகளில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, கட்டுத்தறி பெயரும்போது கலங்குவது யார் குற்றம்?

இரண்டாவது கேடு அறிவுக்கு. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே எல்லாம் சொல்லப்பட்டுவிட்டது என்று கேட்டு வளரும் பிள்ளை, இனிக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று ஓய்ந்துவிடுகிறது. வேறெவரோ ஆய்வுக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் கண் விழித்துக் கண்டதை, மறுநாள் காலையில் நம்முடையது என்று உரிமை கொண்டாடும் சோம்பல் அதற்குப் பழகிவிடுகிறது. வானங்களும் பூமியும் படைக்கப்பட்டதைச் சிந்திப்போரை இறைவன் புகழ்கிறான். பிறர் சிந்தித்து முடித்ததை எடுத்துக்கொள்வோருக்கு அந்தப் புகழில் பங்கு ஏது?

நம் முன்னோர் பெருமையும் இதே நோயால் பீடிக்கப்பட்டுள்ளது. இப்னுல் ஹைஸம் என்ற பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். ‘ஒளியியலின் தந்தை’ என்ற பட்டமும் தெரியும். அவர் செய்தது என்ன என்று கேட்டுப் பாருங்கள், விடை வராது. ஏறக்குறைய 965இல் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அப்பெரியார், ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் நூலை ஏழு பாகங்களில் எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் காட்சி உண்டாகிறது என்ற பழங்கருத்தை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதே காட்சி என்பதைச் சோதனைகளாலும் கணக்காலும் காட்டினார். பேரொளியைக் கண்டால் கண் வலிப்பது ஏன், அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாலும் அதன் சாயல் சிறிது நேரம் நிற்பது ஏன் என்பன போன்ற எளிய வினாக்கள் அவருக்குச் சான்றுகளாயின.

பெருமை பேசும் நூல்கள் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. கண்ணுக்குள் காட்சியை ஏற்கும் உறுப்பு வில்லையே என்று இப்னுல் ஹைஸம் கருதினார். அது பிழை. உருவம் விழித்திரையில் தலைகீழாக விழுகிறது என்பதை 1604இல் கெப்ளர் விளக்கினார். அவருக்கு முந்திய ஐரோப்பிய ஒளியியல், இலத்தீனில் பெயர்க்கப்பட்ட இப்னுல் ஹைஸமின் நூலைக் கற்று வளர்ந்ததே. இதைச் சொன்னால் நம் பெரியாருக்கு இழுக்கா? பெரும்புகழ் பெற்ற தாலமியின் நூல்களிலேயே ஐயங்களைப் பட்டியலிட்டுத் தனிநூல் எழுதியவர் அவர். முன்னோர் சொன்னார் என்பதற்காக நம்பாமல், அவர்கள் கூற்றையும் தம் கூற்றையும் ஒருசேரச் சந்தேகிப்பவனே உண்மையைத் தேடுபவன் என்பது அவர் கொள்கை. அவருடைய பிழையை மறைத்து அவரைப் புகழ்வது, அவர் கற்பித்ததை அவர் பெயராலேயே புதைப்பதாகும்.

இனி மறுதரப்பின் அச்சத்துக்கு வருவோம். “அறிவியல் நூல்களை எழுதுவோர் நாத்திகர்கள், படித்தால் பிள்ளை வழிதவறிவிடும்” என்கிறார்கள் பெற்றோர் பலர். இந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்ல மாட்டேன். ஸ்டீபன் ஹாக்கிங் 2010இல் இணைந்து எழுதிய நூலில், பேரண்டம் தோன்றப் படைப்பாளன் தேவையில்லை என்று வாதிட்டார். ரிச்சர்டு டாக்கின்ஸ் 2006இல் இறைமறுப்புக்கென்றே ஒரு நூல் எழுதினார். இவற்றை அறியாதவர்போல் நடிக்க வேண்டியதில்லை. ஆயின் கருந்துளை எவ்வாறு உருவாகிறது என்று ஹாக்கிங் விளக்கும்போது அவர் இயற்பியலர். படைப்பாளன் தேவையில்லை என்று தீர்ப்புரைக்கும்போது அவர் மெய்யியல் பேசுகிறார். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வரப்பைக் காணப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பதே தாய் தந்தையின் கடமை. நூலையே பிடுங்கிவிட்டால் அந்தப் பிள்ளை வரப்பை எங்கே காண்பான்? கைப்பேசியில், நள்ளிரவில், தனியாக, நீங்கள் அருகில் இல்லாதபோது காண முயல்வான்.

நாம் அஞ்சி ஒதுக்கும் இடத்தில் நம் பெரியார் கிடைத்த வேடிக்கையையும் சொல்ல வேண்டும். இறைநம்பிக்கையை ஏற்காத கார்ல் சேகன் 1980இல் ‘காஸ்மாஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடரையும் நூலையும் தந்தார். 2014இல் அதன் தொடர்ச்சியாக வந்த புதிய தொடர், ஓர் அத்தியாயத்தில் இப்னுல் ஹைஸமின் ஆய்வு முறையை உலகுக்கு விரித்துரைத்தது. நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்க வேண்டியதை அவர்கள் சொன்னார்கள்.

இந்தச் சிக்கல் நம் மரபுக்குப் புதியதன்று. நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அந்த மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். ஓர் இயக்கத்தின் தலைவருக்கு இதைவிடச் சாதகமான வதந்தி வேறென்ன வேண்டும்? மகனை இழந்த அந்தத் துயரிலும் அண்ணலார் அதனை மறுத்தார்கள். சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ அவை கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவுபடுத்தித் தொழச் சொன்னார்கள். இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. தம் மகனின் பெயரால் வந்த வதந்தியையே ஏற்காத நபியின் உம்மத், ஆம்ஸ்ட்ராங்கின் பெயரால் வந்த வதந்தியை நாற்பது ஆண்டுகளாகச் சுமக்கிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை அறிவியலின் பகைவர் என்று சிலர் எழுதுவர். தத்துவவாதிகளை மறுத்து அவர்கள் எழுதிய ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’வின் முன்னுரையைப் பாருங்கள். கிரகணம் குறித்து வானியலார் கணக்காலும் வடிவியலாலும் நிறுவியதை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கிறார் என்பது அங்கு அவர்கள் கூறும் கருத்து. முறை தவறி மார்க்கத்துக்கு உதவ வருபவரால் விளையும் கேடு, முறையோடு அதனை எதிர்ப்பவரால் விளையும் கேட்டினும் பெரிது என்றும் எச்சரிக்கிறார்கள். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அந்த எச்சரிக்கை நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது.

2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் வட்டாரங்களில் கங்கண கிரகணம் தெரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நானறிந்த ஒரு வீட்டில் ஆண்கள் பள்ளிவாசலுக்குச் சென்று கிரகணத் தொழுகை தொழுது வந்தார்கள். வீட்டிலோ கருவுற்ற மருமகளைத் தண்ணீர்கூட அருந்த விடாமல் இருட்டறையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். ஸுன்னத்தும் நிறைவேறியது, மூடநம்பிக்கையும் நிறைவேறியது. நிலவின் நிழல் பூமியின் மீது எவ்வாறு விழுகிறது என்று படத்தோடு விளக்கும் ஒரு சிறு நூல் அந்த வீட்டில் இருந்திருந்தால், அந்தப் பெண் ஒரு குவளைத் தண்ணீராவது குடித்திருப்பாள்.

ஒரு நூல் என்ன செய்யும் என்று கேட்போருக்கு மைக்கேல் ஃபாரடேயின் வாழ்வை நினைவூட்டுகிறேன். கொல்லரின் மகன், முறையான கல்வி மிகக் குறைவு, பதினான்கு வயதில் இலண்டனில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தவர். பகலில் கட்டிய புத்தகங்களை ஓய்வு நேரத்தில் படித்தார். அவற்றுள் ஒன்று, ஜேன் மார்செட் என்ற பெண்மணி 1806இல் வெளியிட்ட வேதியியல் உரையாடல் நூல். ஆசிரியை ஒருவரும் மாணவியர் இருவரும் பேசிக்கொள்ளும் வடிவில், குறிப்பாகப் பெண்களுக்காக, எளிய நடையில் எழுதப்பட்டது. அதில் படித்தவற்றைச் சிறு சோதனைகளால் சரிபார்த்து, அவை உண்மையென்று கண்டபின் ஃபாரடேக்கு அறிவியலில் பற்று உறுதிப்பட்டது. 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தவர் அவரே. உங்கள் வீட்டு மின்விசிறிக்கு மின்சாரம் தரும் மின்னாக்கி அக்கண்டுபிடிப்பின் வழிவந்தது. புகழின் உச்சியிலும் அவர், ஒரேயொரு மெழுகுவத்தியை முன்வைத்துச் சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை 1861இல் நூலாயின. அவரும் தம் சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். தம் சிறிய கிறிஸ்தவ சபையில் மூப்பராகப் பணியாற்றியவர். அறிவியல் நூல் படித்ததால் அவர் இறைநம்பிக்கை கெட்டுவிடவில்லை. பொதுமக்களுக்கென ஒரு பெண்மணி எழுதிய நூல் ஓர் ஏழைச் சிறுவனின் கையில் சேர்ந்தது. உலகமே ஒளி பெற்றது.

தமிழில் இத்தகைய நூல்கள் இல்லை என்பதும் சாக்குப்போக்கே. வழக்கறிஞராக இருந்த பெ. நா. அப்புசாமி வாழ்நாள் முழுதும் அறிவியலைத் தெளிந்த தமிழில் எழுதினார். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் சிறுவருக்கெனத் ‘துளிர்’ இதழை நடத்தி வருகிறது. நம் சமுதாயத்தைச் சேர்ந்த மணவை முஸ்தபா, ‘யுனெஸ்கோ கூரியர்’ தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராகப் பல்லாண்டுகள் இருந்து, அறிவியல், மருத்துவம், கணினித் துறைகளின் கலைச்சொற்களைத் தொகுத்து அகராதிகள் தந்தார். அவர் 2017இல் மறைந்தார். நம் மஹல்லா நூலகங்களுள் எத்தனையில் அவருடைய அகராதி ஒன்று இருக்கிறது? வாழ்ந்தவரைப் படிக்காமல், ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்தவர்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் ஓதிக்கொண்டிருக்கிறோம்.

அறிவியல் என்ற பெயரில் விற்கப்படுவன எல்லாம் நல்ல நூல்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள். எந்த விலங்கு வேகமானது, எந்த மலை உயரமானது என்று துணுக்குகளை அடுக்குபவை வினாடி வினாவுக்கு உதவும், சிந்தனைக்கு உதவா. வாங்குமுன் நூலில் இரண்டை மட்டும் தேடுங்கள். ஒரு செய்தியைச் சொல்லும்போது அது எவ்வாறு அறியப்பட்டது என்றும் சொல்கிறதா? முன்பு அறிஞர்கள் எங்கே தவறினார்கள் என்பதை மறைக்காமல் கூறுகிறதா? இவ்விரண்டும் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள்.

பெருநாள் காசு கொடுக்கும்போது ஒரு நூலையும் சேர்த்துக் கொடுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள் நூலகத்தில் ஒரு தட்டை அறிவியலுக்கு ஒதுக்கட்டும். அந்த நூல்கள் பெண்பிள்ளைகளின் கைக்கும் எட்டும்படி ஏற்பாடு செய்யட்டும். ஆண்டுதோறும் பிறையைப் பற்றி வாதிடுகிறோம். வாதிடும் இரு தரப்பாரும் ஒரு மாதமேனும் பிள்ளைகளோடு மொட்டை மாடியில் நின்று நிலவு வளர்வதையும் தேய்வதையும் நாள்தோறும் குறித்துப் பார்க்கட்டும். ஓர் அமாவாசையிலிருந்து மறு அமாவாசை வரை சராசரியாக 29.53 நாள்கள் என்பதும், அதனால்தான் மாதம் சில வேளை 29 நாளாகவும் சில வேளை 30 நாளாகவும் அமைகிறது என்பதும் அப்போது விளங்கும். ஃபிக்ஹ் முடிவு எதுவாயினும், நிலவை அறிந்தபின் எடுக்கும் முடிவு கண்ணியமுடையதாக இருக்கும்.

பெருநாளன்று தங்கை வீட்டுக்குச் சென்றேன். ஒலியைப் பற்றிய ஒரு சிறு நூலைப் பிள்ளையிடம் கொடுத்தேன். ராபர்ட் பாயில் 1660இல் கண்ணாடிக் கலத்துக்குள் கடிகாரத்தைத் தொங்கவிட்டுக் காற்றை உறிஞ்சியெடுத்தபோது அதன் ஓசை தேய்ந்து மறைந்த வரலாறு அதில் உண்டு. அன்றிரவு நான் பேசியிருக்க வேண்டும் என்று அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். அவள் நூலைப் புரட்டிவிட்டு, “இதை நன்னாவிடம் காட்டலாமா மாமா?” என்றாள். “நானும் வருகிறேன், சேர்ந்தே காட்டுவோம்” என்றேன்.

பெரியவர் கண்ணாடியை அணிந்து அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, “அப்படியானால் அந்தக் கதையை இனிச் சொல்லக் கூடாது” என்றார். எழுபது வயதைக் கடந்தவருக்கு இருந்த அந்தப் பெருந்தன்மை, கைப்பேசியில் வந்ததைப் படிக்காமலே அனுப்பும் நமக்கும் வாய்க்க வல்ல இறைவன் அருள்புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.